ஈர மெத்தைகளும் ஒரு சம்பந்தமும்

"உங்களுக்கு வேற எங்கயும் போவணுமா?"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இராஜாக்கமங்கலத்தில் ஒரு வீட்டு ஹாலில் வைத்து என் மனைவி ரெஜினாவிடம் தெரஸ் டீச்சர் இப்படிக் கேட்டார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ரிட்டயர்டு தலைமையாசிரியைகள் இருக்கிறார்களே... 'வெளியே போய் முட்டி போடு' என்பதையும் இதே மரியாதையோடு சொல்லக்கூடியவர்கள்.

நாங்கள் போயிருந்தது எங்கள் ஒரே மகள் அனிட்டாவின் கல்யாணப் பேச்சுக்கு. டீச்சர், பையனின் அம்மா. அப்படிக் கேட்கும்படி ரெஜினா என்ன செய்துவிட்டாள்? யாரையும் குறை சொல்லவில்லை. வரதட்சணை, நகை என்று வாயைத் திறக்கவில்லை. சொல்லப்போனால் எதற்குமே வாயைத் திறக்கவில்லை. உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து டீச்சரின் தலைக்கு மேலே மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

சம்பந்தம் பேசப் போன வீட்டில் கடிகாரத்தைப் பார்ப்பதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. அதையும் அவள் அன்றைக்கே செய்தாள். சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ரெஜினாவைப் பற்றிக் கொஞ்சம். நாகர்கோவிலில் காட்டன் புடவையும் சின்ன ஜெபமாலையுமாக ஸ்கூட்டரில் போகும் ஐம்பது வயது நர்ஸ்களில் அவளும் ஒருத்தி. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவாள். மீன்காரரிடம் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். கூடவே அவளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. 'டேம்ப் மேட்ரஸஸ்' என்ற இங்கிலாந்து பங்க் ராக் குழு போட்ட ஒரே ஒரு சிங்கிள் ரெக்கார்டை, அது எந்தெந்த நாட்டில் அச்சாகி வந்ததோ அந்தந்த அச்சில் எல்லாம் சேகரிப்பது.

டேம்ப் மேட்ரஸஸ் என்றால் ஈர மெத்தைகள். ஆமாம், அதுதான் பெயர். பங்க் ராக் என்பது பாடுவதற்குப் பதில் கத்துகிற ரகம்; அந்தக் குழுக்கள் நல்ல பெயராக வைத்தால் யாரும் மதிக்கமாட்டார்களாம்.

வினைல் ரெக்கார்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்பாக, வட்டமாக, தோசைக்கல் மாதிரி சுற்றும். ஊசியை வைத்தால் பாடும். சிங்கிள் என்பது அதிலேயே சின்ன சைஸ் – ஊத்தப்பம் அளவு. பக்கத்துக்கு ஒரு பாட்டு. ஒரே பாட்டை ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி ஃபேக்டரியில், தனித்தனி அச்சில் அழுத்தி எடுப்பார்கள். அதைத்தான் பிரெஸ்ஸிங் என்கிறார்கள். நாட்டுக்கு நாடு லேபிளின் நிறம் மாறும், உறை மாறும், நடுவில் உள்ள ஓட்டையின் அளவு மாறும். பாட்டு மட்டும் மாறாது.

மாறும் என்பாள் ரெஜினா.

"ஜெர்மன்காரன் அடிச்சதுல டிரம்ஸ் முன்னாடி வந்து நிக்கும். ஜப்பான்காரன் அடிச்சதுல பாடுதவன் மூச்சு விடுத சத்தமே கேக்கும். கேக்கலியா?"

எனக்குக் கேட்டதில்லை. எனக்குக் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: ஒரு ஆள் தன் வீட்டுக் கூரை மேல் ஏறிய யாரையோ 'இறங்கு, இறங்கு' என்று இரண்டு நிமிஷம் தொண்டை கிழியக் கத்துகிறான். ஏறியது யார், எதற்கு ஏறினான், கடைசியில் இறங்கினானா... எதுவும் பாட்டில் கிடையாது. எங்கள் வீட்டில் இதை முதன்முதலாகப் போட்ட அன்று கீழ்வீட்டுக்காரர் கையில் டார்ச்சோடு மேலே ஓடி வந்தார். பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. பாவம், அவ்வளவு பதற்றம்.

எல்லாம் ஒரே பாட்டுதானே என்று நான் ஒருமுறை கேட்டேன். ரெஜினாவின் சொந்த ஊர் முட்டம். "எங்க முட்டத்துல வைக்கிற சாளைக் குழம்பும் உங்க அம்மா வைக்கிற சாளைக் குழம்பும் ஒண்ணா?" என்று திருப்பிக் கேட்டாள். அதே சாளை மீன், அதே தேங்காய், அதே புளிதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிம்மதியாக வாழ்ந்த கணவன் இந்த ஜில்லாவில் உண்டா? நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன்.

எப்படித் தொற்றியது இது? அனிட்டா எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம் ரெஜினா இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். நானும் பிள்ளையும் இங்கே. அவள் வாடகைக்கு எடுத்த அறையில் முன்பு குடியிருந்தவர் ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயரையும் ஒரே ஒரு ரெக்கார்டையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். இருந்தது அது ஒன்று. அதனால் அதைக் கேட்டாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு கடையில் அதே ரெக்கார்ட், வேறு நிற லேபிளோடு. வாங்கினாள். அப்புறம் இன்னொன்று. ஊருக்குத் திரும்பி வந்தபோது பெட்டியில் எனக்கு ஒரு ஸ்வெட்டர் – நாகர்கோவிலில் ஸ்வெட்டர்! – பிள்ளைக்கு பொம்மை, அடியில் துணி சுற்றி ஐந்து ரெக்கார்ட். ஐந்திலும் அதே ஆள், அதே கூரை.

போன மாதம் வரை பதினொன்று இருந்தது. ஒன்று மட்டும்தான் சிக்கியிருக்கவில்லை. போர்ச்சுகலின் முதல் அச்சு.

போர்ச்சுகலில் முதலில் அடித்தபோது லேபிளில் ஒரு எழுத்துப் பிழை. மேட்ரஸ் என்ற சொல்லுக்கு இங்கிலீஷில் இரண்டு 'டீ' (t) வரவேண்டும். ஒன்றை விட்டுவிட்டார்கள். கொஞ்சம் பிரதிகள் வெளியே போன பிறகுதான் கண்டுபிடித்துத் திருத்தினார்களாம். திருத்திய அச்சு ரெஜினாவிடம் இருக்கிறது – பச்சை லேபிள். வேண்டியது பிழையுள்ள அச்சு. உலகத்தில் எதை எதையோ தேடுகிறார்கள்... என் மனைவி ஒரு எழுத்து இல்லாததைத் தேடிக்கொண்டிருந்தாள். "நம்ம பாட்டன் பூட்டனை எல்லாம் கடக்கரைக்கே தேடி வந்து ஞானஸ்நானம் குடுத்தானுவ. ஒரு ரெக்கார்டு மட்டும் கிட்டமாட்டேங்கு" என்று போர்ச்சுகீசியர்கள் மேல் அவளுக்கு ஒரு நிரந்தர மனத்தாங்கல்.

இனி, அந்த ஞாயிற்றுக்கிழமை.

பையன் பெயர் ஜெனிஷ். திருவனந்தபுரத்தில் அனிட்டா வேலை பார்க்கும் அதே ஆபீஸ். இருவருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். முறைப்படி பையன் வீட்டார்தான் முதலில் வரவேண்டும். ஆனால் டீச்சருக்கு முழங்கால் வலி, எங்களுடையது மாடிவீடு. எனவே நாங்களே போனோம்.

காரில் ஏறும்போதே அனிட்டா அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் ரெக்கார்ட், பங்க், மெத்தை – ஒரு வார்த்தை வரக்கூடாது. டீச்சர் கண்டிப்பானவர். பாடல் என்றால் அவருக்குக் கோவில் பாடல்தான். முதல் சந்திப்பிலேயே பெண்ணின் அம்மா ஒரு மாதிரி என்று நினைத்துவிடக்கூடாது. ரெஜினா ஜெபமாலையைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். சொல்லிவைக்கிறேன், அந்தச் சத்தியத்தை அவள் கடைசிவரை காப்பாற்றினாள். பிரச்சினையே அதுதான்.

வீடு அழகான வீடு. ஜெனிஷின் அப்பா சேவியர் ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கிறார். நல்ல மனிதர், உரத்த குரல். வாங்க வாங்க என்று உட்கார வைத்தார். முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ், டீ எல்லாம் வந்தது. நான் முந்திரிக்கொத்தில் கை வைத்தபோது என் தொடையில் ஒரு கிள்ளு. பலகாரத்தில் பாய்கிறேன் என்று கண்டிக்கிறாளோ என்று நினைத்துக் கையை எடுத்தேன். ரெஜினா என்னைப் பார்க்கவே இல்லை. டீச்சரின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் பார்த்தேன்.

சுவரில் ஒரு கடிகாரம். வட்டம். கறுப்பு. நடுவில் பச்சை லேபிள்.

யாரோ ஒரு ரெக்கார்டைக் கடிகாரமாக மாற்றியிருக்கிறார்கள். பச்சை லேபிள் என்றால் போர்ச்சுகல். அந்த அளவுக்கு எனக்கும் பழகிவிட்டது. ஆனால் எந்த அச்சு? பிழையா, திருத்தமா? குழுவின் பெயர் லேபிளின் கீழ்ப்பாதியில் பெரிய எழுத்தில் இருந்தது. 'டேம்ப்' என்பது தெரிந்தது; சரியாக அடுத்த சொல்லின் நடு எழுத்துகளின் மேலேதான் பெரிய முள் நின்றது. அதுவும் சாதாரண முள்ளா? வெற்றிலை மாதிரி அகலமான முள்.

அதாவது, முள் நகர்ந்தால்தான் தெரியும். கேட்கவும் முடியாது – சத்தியம். எழுந்து பக்கத்தில் போய்ப் பார்க்கவும் முடியாது – டீச்சர் அதற்கு நேர்கீழே உட்கார்ந்திருக்கிறார். இப்போது புரிகிறதா, என் மனைவி ஏன் கடிகாரத்தையே பார்த்தாள் என்று?

சேவியர் ஐஸ் பிளாண்ட் பற்றிச் சொன்னார். ரெஜினா கடிகாரத்தைப் பார்த்தாள். டீச்சர், மகன் சின்ன வயதில் பரீட்சைகளில் வாங்கிய பரிசுகளைப் பற்றிச் சொன்னார். ரெஜினா கடிகாரத்தைப் பார்த்தாள். காற்று வரவில்லை என்று சொல்லி எழுந்து, கடிகாரத்துக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாறினாள். அங்கேதான் ஃபேனே கிடையாது. அனிட்டா என்னைப் பார்த்தாள். நான் சிப்ஸைப் பார்த்தேன். ஜெனிஷ் பாவம், எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அப்போதுதான் டீச்சர் கேட்டார், வேறு எங்கும் போகவேண்டுமா என்று.

"ஐயோ, இல்ல டீச்சர்" என்றாள் ரெஜினா. கண் மட்டும் மேலேயே.

யோசித்துப் பார்த்தால், பெண் பார்க்க, வீடு பார்க்கப் போகிற எல்லோருமே எதையோ ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் தரையில் போட்டிருக்கும் டைல்ஸ். ஒருவர் எதிரில் இருப்பவர் கழுத்துச் சங்கிலி. ஒருவர் ஃபேன் இறக்கையில் தூசி. என்ன... நாசூக்காகப் பார்ப்போம். ரெஜினாவுக்கு அந்த நாசூக்கு வராது.

நிலைமையைக் காப்பாற்ற எண்ணி நான் எழுந்து, அப்போ கிளம்புகிறோம் என்றேன். ரெஜினா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவலாம்." இவ்வளவு நேரம் போகத் துடித்தவள் இப்போது எழுந்திருக்கமாட்டேன் என்கிறாள். டீச்சரின் புருவம் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்கள்... பேச்சைத் தொடர்ந்தார். அவருடைய மாமியார் ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்ததையும், குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாவற்றையும் தான் ஒருத்தியாகச் செய்ததையும் சொன்னார். கடைசி நாள் காலையில் அந்த அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டே...

முள் நகர்ந்தது.

ரெஜினாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. ஒரு வருஷமாகக் காத்திருந்து குழந்தை பெற்ற மாதிரி ஒரு சிரிப்பு.

"ஒரு டீதான்" என்றாள், சத்தமாக.

சேவியர்தான் முதலில் சுதாரித்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, ரெஜினாவுக்கு இன்னொரு டீ போடச் சொன்னார். டீச்சர் புடவைத் தலைப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பள்ளியில் அந்த அசைவுக்கு என்ன அர்த்தமோ தெரியாது, ஆனால் அந்த மாதிரி ஒரு அசைவுக்குப் பிறகு எந்த வகுப்பும் சிரித்திருக்காது.

வந்த டீயை ரெஜினா குடித்தாள். வேறு வழி?

அன்று சாயங்காலமே ஜெனிஷிடமிருந்து அனிட்டாவுக்குப் போன். இது சரிப்படாது என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். 'நாம பேசுனா அவங்களுக்கு மணி பாக்கணும். ஒரு சாவைப் பத்திச் சொன்னா சிரிப்பு வருது. அந்த வீட்டுல பொண்ணெடுத்தா நாளைக்கு நான் கெடையில கெடந்தா என்ன கதி?'

நியாயமான கேள்வி. கடிகாரத்தைப் பற்றித் தெரியாமல் கேட்டால் நான்கூட அதைத்தான் கேட்பேன்.

அனிட்டா விளக்கியதும் ஜெனிஷ் ரெக்கார்ட் விஷயத்தை அம்மாவிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறான். நம்புகிற மாதிரியா இருக்கிறது? ஒரு எழுத்து குறைகிறதா என்று பார்த்தார்களாம்! மகன் கல்யாணத்துக்காக எதையும் சொல்வான் என்று டீச்சர் நினைத்துவிட்டார்.

அனிட்டா அழவில்லை. அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். "ரெக்கார்டைப் பத்திப் பேசாதேன்னுதான் சொன்னேன். மனுஷங்களைப் பாக்காதேன்னு சொல்லலியே அம்மா." அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் காலை ரயிலில் திருவனந்தபுரம் போய்விட்டாள்.

ரெஜினா அன்று சாப்பிடவில்லை. பதினொரு ரெக்கார்டும் இருக்கிற அலமாரியின் கதவைத் திறந்தாள், மூடினாள். "ஒருத்தி ஒம்பது வருஷம் பட்டதைச் சொல்லிட்டு இருக்கா. நான் நர்ஸு. நான் அத கேக்கல" என்றாள்.

மதியம் திடீரென்று வந்து கிளம்பச் சொன்னாள். கையில் பெட்டி மாதிரி மூடி எடுத்துப்போகிற ரெக்கார்ட் பிளேயர். பையில் மூன்று ரெக்கார்ட். போன் பண்ணிவிட்டுப் போகலாமே என்றேன். பண்ணினால் வரவேண்டாம் என்பார்கள் என்றாள். சத்தியம் என்னாகும் என்று கேட்டேன். சத்தியம் நேற்றோடு முடிந்தது என்றாள்.

கதவைத் திறந்த டீச்சர் எங்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். உள்ளே வரச் சொன்னார். டீ வேண்டுமா என்று மட்டும் கேட்கவில்லை. சேவியர் ஐஸ் பிளாண்டுக்குப் போயிருந்தார்.

ரெஜினா பெட்டியைத் தரையில் வைத்தாள். நான் ரெக்கார்ட் கதை தொடங்கப்போகிறது என்று நினைத்தேன். இல்லை.

"டீச்சர், உங்க மாமியாவத் திருப்பிப் போட ஆரு ஒத்தாசைக்கு வருவா?"

டீச்சர் இதை எதிர்பார்க்கவில்லை. "ஆரும் இல்ல" என்றார்.

"படுக்கைப் புண்ணு?"

"வரவிடல. ஒரு நாளு கூட வரவிடல."

"ஒம்பது வருஷம் கெடந்த உடம்புல புண்ணு வரல்லியா?" ரெஜினா அப்படியே பார்த்தாள். "டீச்சர், ஒரு வார்டு முழுக்க நர்ஸுங்க இருந்தும் எங்களால அது முடிஞ்சதில்ல."

அதற்குப் பிறகு அரைமணி நேரம் நான் அங்கே இல்லாத மாதிரிதான். எந்த நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைப்பது, எப்படிக் கஞ்சி ஊட்டுவது, பள்ளியில் மதிய இடைவேளைக்கு ஓடி வந்து துணி மாற்றிவிட்டுத் திரும்ப ஓடுவது... டீச்சர் சொல்லிக்கொண்டே போனார். யாரும் இதுவரை கேட்டதில்லை போல. கேட்கத் தெரிந்த ஆளும் வரவில்லை போல. கடைசி நாள் காலையில் என்ன நடந்தது என்பதையும் சொன்னார். அது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ளது, இங்கே எழுதப்போவதில்லை.

பிறகு டீச்சரே பெட்டியைக் காட்டி இது என்ன என்றார்.

ரெஜினா எல்லாவற்றையும் சொன்னாள். இங்கிலாந்து அறை, அந்த ஒற்றை ரெக்கார்ட், பச்சை லேபிள், முள். "நாள் முழுக்க ஸாரியும் தேங்க் யூவும் சொல்லிச் சொல்லி வாயே வலிக்கும் டீச்சர். பிள்ளைய இஞ்ச விட்டுட்டு அங்க இருக்கேன். ஆருகிட்டயும் சத்தம் போடமுடியாது. ரூமுக்கு வந்து இதப் போட்டா... எனக்குப் பதிலா ஒருத்தன் சத்தம் போடுவான்."

இதை எனக்கே அவள் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

டீச்சர் பையிலிருந்த ரெக்கார்டை எட்டிப் பார்த்தார். "பாடுதவங்களுக்க பேரு என்ன?"

ரெஜினா தயங்கிச் சொன்னாள். டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியாதா என்ன?

"ஈர மெத்தையா?"

"ஆமா டீச்சர்."

டீச்சர் சிரித்தார். முதலில் மூக்கால் வந்த சிரிப்பு, பிறகு கண்ணில் நீர் வழிந்து கண்ணாடியைக் கழற்றவேண்டி வந்த சிரிப்பு. "ஒம்பது வருஷம் ஈர மெத்தைய வெயில்ல போட்டு எடுத்தவளாக்கும் நான். அதுக்கும் ஒருத்தன் பாட்டு போட்டிருக்கானா? வையும், கேப்போம்."

வைத்தோம். கோவில் பாடல் மட்டுமே கேட்ட அந்த ஹாலில் இரண்டு நிமிஷம் அவன் கத்தினான். டீச்சர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"என்ன சொல்லுதான்?"

"எனக்க கூரைய விட்டு எறங்குலேங்கான்."

"ஆரு ஏறுனா?"

"அத சொல்லல டீச்சர்."

"சொல்லணும்லா" என்றார் டீச்சர். விடையில் பாதிதான் எழுதியிருக்கிறான் என்ற தொனி. ஆனால் அடுத்த ரெக்கார்டையும் போடச் சொன்னார். அது ஜெர்மன் அச்சு. பாதியிலேயே விரலைத் தூக்கினார். "இதுல கொட்டுச் சத்தம் கூடுதல். முந்தினதுல அவன் சத்தம் முன்னாடி நின்னுது. இதுல கொட்டு முன்னாடி நிக்கி."

ரெஜினா என் பக்கம் திரும்பினாள். இருபது வருஷத்தில் முதல்முறையாக இன்னொரு ஆளுக்கு அந்த வித்தியாசம் கேட்டிருக்கிறது. அவள் முகத்தில் இருந்ததை வெற்றி என்று சொல்லமாட்டேன். தனியாக ஒரு தீவில் இருந்தவள் தூரத்தில் ஒரு படகைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன் – இப்போது அதில் தப்பில்லை.

"எந்த எழுத்து விட்டுப்போச்சு?" என்று கேட்டபடி டீச்சர் எழுந்தார். நான் கடிகாரத்தை இறக்கிக் கொடுத்தேன். ஜெனிஷின் சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தபோது ஏதோ துறைமுகத்தில் வாங்கி வந்த ரெக்கார்டாம். வீட்டில் போட்டுக் கேட்க எதுவும் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது ஜெனிஷ், மொபைலில் வீடியோ பார்த்துக் கடிகாரமாக்கிவிட்டான்.

டீச்சர் லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். படித்தார். முகம் மாறியது.

"எனக்க தலைக்கு மேலயா இது தொங்குச்சு? எட்டாங்கிளாஸ் பிள்ளை இப்படி எழுதுனா நான் பத்து தடவ எழுத வச்சிருப்பேன். இத்தன வருஷமா என் வீட்டுச் சுவருல ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்!"

ரெஜினா, அந்தத் தப்புக்காகத்தான் உலகத்தில் பலர் தவம் கிடக்கிறார்கள் என்று விளக்கப் பார்த்தாள். டீச்சர் கேட்பதாக இல்லை. உடனே இதை எடுத்துக்கொண்டு போகவேண்டும், இனி ஒரு நிமிஷம் இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்றார். இவ்வளவு வருஷம் தேடியதை, இதோ, திட்டிக்கொண்டே கையில் திணிக்கிறார்கள்.

முள்ளையும் மெஷினையும் கழற்றிவிட்டு, அதைப் பிளேயரில் வைத்தாள் ரெஜினா. ஜெனிஷ் நடு ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கியிருந்ததால் ரெக்கார்ட் லேசாகத் தள்ளாடியது. அதுகூடப் பரவாயில்லை. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்களைச் சுற்றிலும் ஃபெவிகால் மாதிரி ஏதோ ஒன்றால் ஒட்டியிருந்தான். நல்ல வேலைக்காரன்; ஒரு எண்கூட அசையவில்லை. ஊசி போய் ஒவ்வொரு எண்ணிலும் முட்டி, துள்ளிச் சாடியது. போர்ச்சுகல்காரன் எப்படிக் கத்தினான் என்று கடைசிவரை தெரியவில்லை.

"எறங்கு" என்று சொல்லவரும்போதெல்லாம் சாடிவிட்டது.

"ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல" என்றார் டீச்சர். அதற்குப் பிறகுதான் டீ வந்தது.

கல்யாணம் உறுதியாகிவிட்டது. அடுத்த மாதம் கோவிலில் ஓலை – கல்யாண அறிவிப்பு – வாசிக்கிறார்கள். ஜெனிஷ் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வருங்கால மாமியாரின் முன்னால் தலைகுனிந்து நின்றான் – ஓட்டையைப் பெரிசாக்கியதற்கு. ரெஜினா அவனை மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டுதான் சொன்னாள்.

இப்போதெல்லாம் தினமும் டீச்சரிடமிருந்து ரெஜினாவுக்குப் போன் வருகிறது. மாமியார் கதை, முழங்கால் வலிக்குப் பயிற்சி, ஜப்பான் அச்சில் மூச்சுச் சத்தம் எந்த இடத்தில் வருகிறது... பேச்சு நீண்டுகொண்டே போகிறது. பிள்ளைகளைப் பற்றிய தங்கள் தங்கள் புகார்களையும் பரிமாறிக்கொள்கிறார்கள். அனிட்டா துணியை மடித்து வைக்கமாட்டாள் என்பது இராஜாக்கமங்கலம் வரை போய்விட்டது.

போன வாரம் அனிட்டா எனக்குத் தனியாகப் போன் பண்ணினாள். குரலில் நிஜமான கவலை. "அப்பா, எல்லாப் பொண்ணுங்களும் மாமியாரைப் பத்தி அம்மாகிட்ட சொல்லுவாங்க, அம்மாவைப் பத்தி மாமியார்கிட்ட சொல்லுவாங்க. இங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி. நான் இனி யாருகிட்ட போய்க் குறை சொல்லுவேன்?"

என்னிடம் வா மக்கா என்றேன். நானும் ரொம்ப வருஷமாக ஒரு ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.